நிஜமாவே ஆணி புடுங்கின கதை

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. வழக்கமா நம்மாளுங்க "ஆணி அதிகம்"னு ஒரு வரி போட்டுட்டு எஸ்கேப் ஆயிடுவாங்க. நான் சொல்றது அந்த ஆணி இல்லை. ரெண்டு மாசமா நிஜ ஆணி. ஒன்றரை இஞ்ச், ரெண்டு இஞ்ச், துருப்பிடிச்சது, வளைஞ்சது எல்லாம். இங்க பலெர்மோவுல பல்லாரோ சந்தைக்குப் பின்னாடி இருக்கிற ஒரு கோடவுன்ல உட்கார்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புடுங்கிக்கிட்டு இருக்கேன். :-)

கதை எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். என் மாடிக்குக் கீழ ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கார். பலெர்மோவுல ஈழத்தமிழர்கள் நிறைய. சந்தைப் பக்கம் போனா இத்தாலியனுக்குச் சமமா தமிழ் காதுல விழும். இங்க அவங்கள்ல பல பேருக்கு வீட்டு வேலைதான் பிழைப்பு. துடைக்கிறது, சமைக்கிறது, வயசானவங்களைப் பார்த்துக்கிறது. அண்ணையும் அப்படித்தான், இருபது வருஷத்துக்கு மேலே. ஆனா ஊர்ல அவர் தச்சு வேலை செஞ்சவர். போன வருஷம் அவர் வேலை பார்த்த ஒரு வீட்டுல நேரத்தைக் குறைச்சுட்டாங்க. கையில வாரத்துக்கு ரெண்டு நாள் சும்மா கிடந்தது.

ஒருநாள் படியில நிறுத்தினார். "தம்பி, நீர் இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைதானே. நான் திரும்பவும் மர வேலை துவங்கலாமெண்டு யோசிக்கிறன். 350 யூரோ சேர்த்து வைச்சிருக்கிறன். என்னென்ன ஆயுதம் வாங்கலாமெண்டு வடிவாப் பாத்துச் சொல்லும்."

ஆயுதம்! நாம 'டூல்ஸ்'னு சொல்றதை அவர் ஆயுதம்னுதான் சொல்லுவார். நம்ம ஊர்லயும் ஆயுத பூஜைன்னா அதுதானே. ஸ்பேனருக்கும் லேத்துக்கும் பொட்டு வைக்கிற ஊர்க்காரன் நான். இது போதாதா? உடனே லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

ரெண்டு வாரம் ஆராய்ச்சி. கிளாஸ் நோட்டைக் கூட நான் அவ்வளவு படிச்சதில்லை. அப்பத் தெரிஞ்சுக்கிட்ட சில விஷயங்களை உங்களுக்கும் சொல்லிடறேன், உதவும்.

முதல் விஷயம், பிராண்டுங்கிறது நாம நினைக்கிற மாதிரி தனித்தனி வீடு இல்லை. ஒரே கூட்டுக்குடும்பத்துல பல அடுப்பு. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூணும் ஒரே கம்பெனி. ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் 2010-ல் இணைஞ்சாங்க. டிவால்ட் அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1960-லேயே, பிளாக் அண்ட் டெக்கர் கைக்குப் போயாச்சு. ஹாங்காங்கைச் சேர்ந்த டிடிஐ கம்பெனி 2005-ல் மில்வாக்கியை வாங்கிச்சு. வீட்டுக்காரங்களுக்கு ரியோபி, சைட்ல வேலை செய்யறவங்களுக்கு மில்வாக்கின்னு அதுவும் ரெண்டு அடுப்பு. பாஷ் இன்னும் வெளிப்படை. பச்சை நிறம்னா வீட்டு உபயோகம், நீலம்னா தொழில்முறை. ஒரே பேர், ரெண்டு கலர், ரெண்டு விலை.

இங்கதான் ஒரு சிக்கல். பச்சை 18 வோல்ட் பேட்டரி நீல மெஷின்ல ஏறாது. நீலம் பச்சையில ஏறாது. லிடில் சூப்பர் மார்க்கெட்டின் பார்க்சைட், ஜெர்மனியின் ஐன்ஹெல், ஜப்பானின் மகிட்டான்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேட்டரி ஜாதி. நீங்க முதல்ல வாங்குற ட்ரில்லிங் மெஷின் வெறும் மெஷின் இல்லை. அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கடையில சம்பந்தம் வச்சுக்கப் போறீங்கங்கிற நிச்சயதார்த்தம்.

இன்னொரு கூத்து, சிலது 18 வோல்ட்னு இருக்கும், சிலது 20 வோல்ட்னு இருக்கும். 20 பெரிசுன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டுக்குள்ளேயும் வரிசையா அஞ்சு லித்தியம் செல்தான். சாதாரணமா ஒவ்வொண்ணும் 3.6 வோல்ட், மொத்தம் 18. முழுசா சார்ஜ் ஏத்தின உடனே 4 வோல்ட் பக்கத்துல நிக்கும், மொத்தம் 20. ஒருத்தர் சராசரியை எழுதறார், இன்னொருத்தர் உச்சத்தை எழுதறார். அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஆம்பியர் ஹவர். 2 ஆம்பியர் ஹவர்னா 36 வாட் ஹவர், 4-ன்னா 72. டாங்க் எவ்வளவு பெரிசுன்னு அர்த்தம்.

இப்படியெல்லாம் படிச்சுட்டு, பெரிய நிபுணன் மாதிரி அண்ணைக்கு ஒரு பட்டியல் எழுதிக் குடுத்தேன். நல்ல பிராண்ட் ட்ரில், ரெண்டு பேட்டரி, சார்ஜரோட 190 யூரோ. பேர் தெரியாத ஒரு கம்பெனியோட சர்க்குலர் சா 45. உளி செட் 12. ட்ரில் பிட் 14. ஜி கிளாம்ப் நாலு, மொத்தம் 24. மூலைமட்டம் 5. ரசமட்டம் 6. டேப் 4. ஆக மொத்தம் 300. மிச்சம் 50 யூரோ மரத்துக்கு.

கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்க. மெயின் ஐட்டத்துக்குப் பிரீமியம், சில்லறை ஐட்டத்துக்கு மலிவு. எம்பிஏ படிச்சவன் கூட இப்படித்தான் போட்டிருப்பான். அண்ணை பட்டியலை வாங்கிப் படிச்சார். "சீவுளி?"ன்னு கேட்டார். நாம இழைப்புளின்னு சொல்றதை அவங்க சீவுளிம்பாங்க. "அப்புறம் வாங்கிக்கலாம் அண்ணை, எல்லாம் மெஷின்லேயே ஆயிடும்"னேன். ஒண்ணும் சொல்லலை. தலையாட்டினார்.

முதல் ஆர்டர் ஒரு மாசத்துல வந்துச்சு. நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணு, சாமி அலுமாரி கேட்டாங்க. 1.2 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், நடுவுல ரெண்டு தட்டு, கீழ சின்னதா ரெண்டு கதவு. பேசின கூலி மரத்தோட சேர்த்து 180. அட்வான்ஸ் 80. 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒண்ணு 60 யூரோவுக்கு அண்ணை வாங்கிட்டு வந்தார். நான் உதவிக்கு. உதவின்னா, பலகையோட அந்தக் கோடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது.

அண்ணை மூலைமட்டம் வச்சுக் கோடு போட்டார். சர்க்குலர் சா கத்தி நேரா நிக்குதான்னு அதே மட்டத்தை வச்சுப் பார்த்தோம். அறுத்தோம். துளை போட்டோம். அந்த 190 யூரோ ட்ரில் வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கிச்சு. எனக்கு ஒரே பெருமை.

நிமிர்த்தி வச்சோம். அலுமாரி சாய்ஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

ஆட்டலை, ஆடலை. சாய்ஞ்சு நின்னுச்சு. மேல் பலகைக்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவுல ஒரு பக்கம் இடைவெளி, இன்னொரு பக்கம் பிதுக்கல். வெட்டின விளிம்பெல்லாம் சிலாம்பு சிலாம்பா பேந்து நின்னுச்சு. சாமி வைக்கிற அலுமாரி!

நான் உடனே சர்க்குலர் சா மேல பாய்ஞ்சேன். "அண்ணை, மலிவு மெஷின், இப்படித்தான் இருக்கும். நாளைக்கே நல்லது ஒண்ணு வாங்கிடலாம்." அண்ணை என் பேச்சைக் கவனிக்கவே இல்லை. அந்த அஞ்சு யூரோ மூலைமட்டத்தை எடுத்தார். ஒரு நேரான பலகை விளிம்புல அதைப் பொருத்தி ஒரு கோடு போட்டார். அப்புறம் மட்டத்தைப் பிரட்டி, அதே புள்ளியில பொருத்தி இன்னொரு கோடு போட்டார். சரியான மட்டமா இருந்தா ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும். இங்க ரெண்டும் கத்தரி மாதிரி விரிஞ்சு போச்சு. 30 செ.மீ. தள்ளி அளந்தா 4 மி.மீ. இடைவெளி.

அதுல பாதி மட்டத்தோட தப்பு. 30 செ.மீ.க்கு 2 மி.மீ. கேட்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு இல்ல? 1.2 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது அது 8 மி.மீ. இதுல கொடுமை என்னன்னா, கோடு போட்டதும் அதே மட்டம், மெஷினைச் சரிபார்த்ததும் அதே மட்டம். பொய்சாட்சியை வச்சே விசாரணை நடத்தினா தீர்ப்பு எப்படி வரும்? அறுத்த மெஷின் பாவம், அது சொன்ன இடத்துல சொன்ன மாதிரி அறுத்திருக்கு.

நான் கேட்டேன், "அண்ணை, இந்தப் பிரட்டிப் பார்க்குற டெஸ்ட் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமல்? ஊரிலை எந்த மட்டத்தையும் பிரட்டிப் பாக்காமல் நான் தொட்டதில்லை தம்பி. இது நீர் பாத்து வாங்கித் தந்ததெண்டு பாக்கேல்லை."

அவர் கோபமா சொல்லலை. அதான் பிரச்சனையே. திட்டியிருந்தா ஒரு பதில் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷ வழக்கத்தை ஒரு மனுஷன் ஒரே ஒரு நாள் விட்டிருக்கார். என்னோட டிகிரியை நம்பி. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியா தூக்கம் வரலை.

அடுத்த நாள் 60 யூரோவோட போனேன். வாங்கலை. "காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில வந்து உளி தீட்டித் தாரும், அது காணும்"னார். அப்படித்தான் நான் இந்தக் கோடவுன்ல வந்து சேர்ந்தேன். பழைய மரத்துல இருக்கிற ஆணியைப் புடுங்கறது போனஸ் டியூட்டி.

உளி தீட்டிக்கிட்டே அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவே. "சுத்தியல் பிழைச்சா ஆணி ஒண்டு வளையும். மட்டம் பிழைச்சா அலுமாரி முழுக்கக் கோணும். காசு போடேக்குள்ள எது பிழைச்சா எது கெடும் எண்டு பாக்கவேணும்."

மலிவா, பிரீமியமான்னு நான் ரெண்டு வாரம் மண்டையை உடைச்ச கேள்விக்கு இதுதான் பதில். பிராண்டைப் பார்த்து இல்லை, தப்புப் போனா எது கெடும்னு பார்த்துக் காசைப் பிரிக்கணும். இதை வச்சு என் பழைய பட்டியலை நானே திரும்பப் பார்த்தேன்.

வெறும் பலம் குடுக்குற ஆயுதங்கள்: சுத்தியல், கிளாம்ப், ஆணி புடுங்குற கடப்பாரை. இதெல்லாம் மலிவே போதும். கெட்டா அது மட்டும் கெடும். வேற ஒண்ணை வாங்கிக்கலாம்.

அளக்குற, வழிகாட்டுற ஆயுதங்கள்: மூலைமட்டம், ரசமட்டம், டேப். இங்க கஞ்சத்தனம் கூடாது. கூடவே, விலை கூடினதுன்னு கண்ணை மூடிக்கிட்டும் நம்பக் கூடாது. மூலைமட்டத்துக்குச் சொன்ன டெஸ்ட் ரசமட்டத்துக்கும் உண்டு. ஒரு இடத்துல வைங்க, குமிழ் எங்க நிக்குதுன்னு பாருங்க. அப்படியே இடவலமா 180 டிகிரி திருப்பி அதே இடத்துல வைங்க. குமிழ் அதே இடத்துல நின்னா யோக்கியம். இந்த டெஸ்டுக்குக் காசே வேண்டாம். கடையிலேயே பண்ணலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துட்டுப் போகட்டும்.

வெட்டுற விளிம்பு: பிளேடு, பிட், உளி. மெஷினை விட இதுலதான் காசு போடணும். எங்களோட 45 யூரோ சர்க்குலர் சாவைத் தூக்கிப் போடலை. கூட வந்த பிளேடுல பல் 24 தான். அது கட்டையை வேகமா அறுக்கிறதுக்கு. பிளைவுட்டுல போட்டா மேல் படலத்தைப் பிச்சு எறியும். 25 யூரோவுக்கு 40 பல்லு கார்பைட் பிளேடு ஒண்ணு வாங்கி மாட்டினோம். வெட்டுற கோட்டுல மாஸ்கிங் டேப் ஒட்டினோம். அதே மெஷின், வேற வேலை. விளிம்பு கண்ணாடி மாதிரி இல்லைன்னாலும் மனுஷன் பார்க்குற மாதிரி வந்துச்சு.

உளியும் அப்படித்தான். நல்ல உளியோட இரும்பு ராக்வெல் அளவுல 58-லிருந்து 62 வரைக்கும் கடினமா இருக்கும். அந்த 12 யூரோ செட் தீட்டினா உடனே கூர் வரும். ரெண்டு தட்டுல நுனி மடங்கிடும். நான் தீட்டினதுல பாதி நேரம் அதுக்கே போச்சு. அப்புறம் அண்ணை ஒரு ஞாயித்துக்கிழமை அல்பெர்கெரியா பக்கத்துல போடுற பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். தரையில துணி விரிச்சு, பொம்மையில இருந்து டிவி ரிமோட் வரைக்கும் வச்சிருப்பாங்க. அதுல துருப்பிடிச்ச ஒரு உளி, மரப்பிடி உடைஞ்சது, 4 யூரோ. அண்ணை நகத்தால விளிம்பைச் சுண்டிப் பார்த்தார். எடுத்துக்கிட்டார். ரெண்டு மணி நேரம் கல்லுல தேய்ச்சதுல என் கை வீங்கினதுதான் மிச்சம்னு நினைச்சேன். இன்னைக்கு அந்தக் கோடவுன்ல அதிகமா வேலை செய்யற உளி அதுதான். பிரீமியம் வாங்கக் காசு இல்லைன்னா பழைய பிரீமியம் வாங்கலாம். கைப்பிடி உடையும், இரும்பு அப்படியே இருக்கும். பேட்டரி மெஷின்ல மட்டும் இந்த ஆட்டம் வேண்டாம். பழைய பேட்டரி எப்ப மண்டையைப் போடும்னு நகத்தால சுண்டிச் சொல்ல முடியாது.

கடைசியா, உசுர் சம்பந்தப்பட்டது. கரண்ட் வேலைக்கான ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர்ல 1000 வோல்ட் முத்திரை இருக்கணும். அது கைப்பிடிக்கு மேல போட்ட வெறும் பிளாஸ்டிக் உறை இல்லை, சோதிச்சுப் பார்த்த இன்சுலேஷன். கண்ணுக்குக் கண்ணாடி, தூசிக்கு மாஸ்க். இதுல மலிவைத் தேடாதீங்க. இங்க தப்புப் போனா கெடுறது நாம.

இப்ப ட்ரில் கதைக்கு வர்றேன். 190 யூரோ போட்டோமே, அது வீணா? முழுசா வீண்னு சொல்ல மாட்டேன். ஆனா மரத்துல துளை போடறதுக்கு அதுல பாதி விலை மெஷின் போதும். சரி, பெரிய பிராண்ட் ஆச்சே, சுவத்துலயாவது உதவும்னு பார்த்தா, அங்கயும் ஒரு பாடம்.

நான் குடியிருக்கிறது பழைய நகரத்துல. இங்க பழைய கட்டடங்கள் எல்லாம் சுத்து வட்டாரத்துல வெட்டி எடுத்த மஞ்சள் சுண்ணாம்பு மணற்கல்லு. ஊர்க்காரங்க தூஃபோங்கிறாங்க. ரொம்ப மென்மை. ட்ரில்லுல சுத்தியல் குறி இருக்கே, அந்த ஹேமர் மோடைப் போட்டேன். 8 மி.மீ. துளை கேட்டா எலிவளை குடுத்துச்சு. பிளக்கைச் சொருகினா உள்ளே விழுந்துடுச்சு. ஹேமரை அணைச்சுட்டு, சும்மா மெதுவா சுத்தவிட்டா அழகா துளை விழுது. இதுக்கு எந்த மலிவு ட்ரில்லும் போதும்.

அலுமாரி கேட்ட வீடு புது நகரத்துல. 1950, 60-கள்ல கட்டுப்பாடே இல்லாம கட்டித் தள்ளின காலத்து அபார்ட்மெண்ட் அது. 'பலெர்மோவின் சூறை'ன்னே அந்தக் காலத்துக்குப் பேர். பழைய மாளிகைகளையும் எலுமிச்சைத் தோட்டங்களையும் அழிச்சுட்டு கான்கிரீட்டா எழுப்பினாங்க. அந்தக் கான்கிரீட் தூண்ல நம்ம 190 யூரோ ராஜா பத்து நிமிஷம் கத்திட்டு ஒரு செ.மீ. போனார். பிராண்டோட தப்பு இல்லை இது. இந்த மாதிரி ட்ரில்லுக்குள்ள பல்லு வச்ச ரெண்டு வட்டு ஒண்ணோட ஒண்ணு உரசித் தட்டும், அவ்வளவுதான். கான்கிரீட்டுக்குன்னே எஸ்.டி.எஸ்.னு ஒரு ஜாதி இருக்கு. பாஷ் 1975-ல் கொண்டுவந்தது. அதுக்குள்ள பிஸ்டன் காத்தை அமுக்கி, அந்த வேகத்துல பிட்டையே முன்னும் பின்னும் இடிக்கும். மலிவான எஸ்.டி.எஸ். மெஷினை அடுத்த வீட்டுல கடன் வாங்கினோம். ஒரு நிமிஷத்துல ஓட்டை. பொருத்தமில்லாத பிரீமியத்தை விடப் பொருத்தமான மலிவு மேல்.

இதே மாதிரி ஸ்க்ரூ டிரைவர் விஷயத்துலயும் நான் அசடு வழிஞ்சிருக்கேன். கட்டிலுக்கு ஸ்க்ரூ முறுக்கும்போது கூட்டல் குறி தலை வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. டிரைவர் மட்டம்னு நினைச்சு நல்லது வாங்கினேன். அதுவும் வழுக்கிச்சு. காரணம், ஐரோப்பாவுல மர ஸ்க்ரூல நிறைய போசிட்ரைவ். தலையில கூட்டல் குறிக்கு நடுவுல குட்டியா நாலு கோடு தெரியும். நான் வச்சிருந்தது ரெண்டும் பிலிப்ஸ். பாக்கெட்டுல பி.இசட்.னு போட்ட ஒரு யூரோ பிட் வாங்கினேன். கச்சுனு உட்கார்ந்துச்சு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஐரோப்பிய யூனியன்ல கடையில வாங்குற பொருளுக்கு வித்தவங்க ரெண்டு வருஷம் பொறுப்பு. சட்டம். ஆனா அது சொந்த உபயோகத்துக்கு வாங்குறவங்களுக்கு. தொழிலுக்குன்னு வாங்கினா அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கம்பெனி தானா குடுக்குற வாரண்டியிலயும், வீட்டு உபயோக மெஷினைத் தொழிலுக்குப் பயன்படுத்தினா செல்லாதுன்னு சின்ன எழுத்துல பல பேர் போட்டிருப்பாங்க. எனக்கும் அண்ணைக்கும் இங்கதான் வித்தியாசம். நான் அலமாரி மாட்டினா அது பொழுதுபோக்கு. மெஷின் படுத்துட்டா ஒரு வாரம் கழிச்சு மாட்டிக்குவேன். அவருக்கு மெஷின் படுத்தா அந்த வாரக் கூலி படுக்கும். அவர் பிராண்ட் பார்க்கறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அவர் பார்க்க வேண்டியது, உதிரி பாகம் இந்த ஊர்ல கிடைக்குமா, ரிப்பேர் பண்ற ஆள் நடக்குற தூரத்துல இருக்காரான்னு. அப்புறம், பில் விஷயம். இங்க பில் அச்சடிக்கிற தாள்ல எழுத்து சில மாசத்துல மங்கிடும். வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

நம்ம ஊர்ல யோசிச்சுப் பார்த்தா இந்த ஞானம் எல்லாம் ஏற்கனவே இருக்கு. எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் பையில எப்பவும் நாசிக்ல தயாராகுற டபாரியா கட்டிங் பிளேயர்தான் இருக்கும். தெருவோரத்துல விக்கிறதை விட விலை கூட, ஜெர்மன் சரக்கை விடப் பல மடங்கு கம்மி. ஆனா அவர்கிட்ட இருந்த சுத்தியல் எந்தக் கம்பெனின்னு அவருக்கே தெரியாது. எது பிழைச்சா எது கெடும்னு அவரும் கணக்குப் போட்டிருக்கார். நான்தான் நாலு வருஷம் படிச்சும் இதைக் கவனிக்கலை.

சாமி அலுமாரி என்னாச்சுன்னு கேட்பீங்க. கோணலான பலகைகளைத் தட்டுக்கும் கதவுக்கும் சின்னதா வெட்டி எடுத்துக்கிட்டோம். பக்கத்துப் பலகைக்குப் புது ஷீட் அண்ணை கைக்காசுல வாங்கினார். புது மூலைமட்டம் 22 யூரோ. கடையிலேயே பிரட்டிப் பார்த்துதான் வாங்கினார். மூணாவது மட்டம்தான் பாஸ் ஆச்சு. பத்து நாள் லேட்டா கொண்டுபோய்க் குடுத்தோம். கணக்குப் பார்த்தா அந்த ஆர்டர்ல அவருக்கு முப்பது யூரோ கூட நிக்கலை. ஆனா அந்த வீட்டுக்காரங்க சொல்லி அடுத்த ஆர்டர் வந்திருக்கு. செருப்பு ஸ்டாண்ட். இந்தத் தடவை என்ன வாங்கணும்னு அண்ணை என்கிட்ட கேட்கலை. தானே போய், சந்தையில ஒரு பழைய சீவுளி வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தார். "இதையும் தீட்டும்."

போன ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் துடைச்சு ஒரு மேசையில பரப்பினோம். 190 யூரோ ட்ரில், 4 யூரோ உளி, 22 யூரோ மட்டம், எல்லாத்துக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். அந்த அஞ்சு யூரோ மட்டத்தையும் அண்ணை தூக்கிப் போடலை. ஆணியில மாட்டி வச்சிருக்கார். அதுக்கும் ஒரு பொட்டு வச்சார். நான் பார்த்ததைப் பார்த்துட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

உங்க வீட்டுல இருக்கிற மூலைமட்டத்தையும் ரசமட்டத்தையும் இன்னைக்கே ஒருதரம் பிரட்டிப் பாருங்க மக்களே. பார்த்துட்டு என்னாச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னை மாதிரி வாங்கிக் கட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா எனக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

டிஸ்கி 1: எங்களுக்கு வந்த ட்ரில், ரம்பம், மட்டம் எந்தக் கம்பெனின்னு தனிமெயில்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். சரிபார்க்காம வாங்கினது நான், கம்பெனி இல்லை.

டிஸ்கி 2: இங்க இரும்புக் கடையில போய் 'அலன் கீ'ன்னு கேட்டுடாதீங்க, முழிப்பாங்க. 'ப்ருகோலா'ன்னு கேக்கணும். எஜிதியோ ப்ருகோலாங்கிற இத்தாலிக்காரர் 1926-ல் ஆரம்பிச்ச திருகாணிக் கம்பெனியோட பேரே இங்க சாவிக்கும் பேராயிடுச்சு. கிளி மூக்கு மாதிரி வாய் விரியுற பைப் குறடுக்குப் பேர் 'பப்பகால்லோ', அதாவது கிளி. முதல் தடவை அண்ணை என்னைப் போய்க் கிளி வாங்கிட்டு வரச் சொன்னப்ப நான் எந்தக் கடைக்குப் போனேன்னு தனிப் பதிவா போடறேன். :-)